தங்கமாரி கையெழுத்துப் போட்ட வயிற்று வலி

போலீஸ் ஸ்டேஷன் காகிதங்களை நம்புவதென்றால், எங்கள் கரிசல் பக்கத்தில் மனுஷனைக் கொண்டுபோகிற வியாதிகளில் முதல் வியாதி வயிற்று வலிதான். மாமியார் கொடுமையில் செத்தவளுக்கும் வயிற்று வலி. மழை பொய்த்துக் கடனில் முங்கியவனுக்கும் வயிற்று வலி. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும் அதே வயிற்று வலி. "தீராத வயிற்று வலியால் மனம் உடைந்து" என்று ஒரு வரி. எழுதுகிறவருக்கும் தெரியும், சொல்லுகிறவருக்கும் தெரியும், மறுநாள் டீக்கடையில் பேப்பர் படிக்கிற நமக்கும் தெரியும். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! மாட்டோம். வயிற்று வலி என்றால் யார் மேலும் பழி கிடையாது, பிணமும் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும்.

தங்கமாரியும் அப்படி ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள்தான். புருஷன் சுடலைராஜ் போன அன்றைக்குப் போட்டது. அந்த ஒரு கையெழுத்து பின்னால் தன்னை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளத்தூர்ப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போய்விட்டாள். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். நாற்காலி மேஜையை எதிர்பார்த்து யாரும் போய்விடக் கூடாது. கட்டை அடுக்குவது என்றால், மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகக் கோப்பது. அதில் தங்கமாரியின் கை பேயாக ஓடும். வாய்தான் ஓடாது. பஸ்ஸில் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறையை ஒரு நாளும் கேட்டு வாங்கியதில்லை. பாங்கில் ஃபாரம் நிரப்பச் சொன்னால் முதுகு வேர்த்துவிடும். தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்தால், அது தபால்காரராகவே இருந்தாலும், எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள்.

"நீ பயந்து பயந்தே ஆயுசக் கழிச்சிருவ ஏட்டி" என்று சுடலைராஜ் கேலி பண்ணுவார்.

அவர் நேர் எதிர். அதே ஆபீஸில் மருந்து முக்குகிற வேலை. நல்ல சாப்பாட்டுக்காரர். கல்யாண வீடு என்றால் முதல் பந்தியில் பரிமாறிவிட்டு, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து, "ஏலே, ரசத்த ஓரமா ஊத்திட்டுப் போகாத, நடுவுல குழி பறிச்சு ஊத்து" என்று இலை அதிரச் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதைப் பார்க்கிறவனுக்கே பசி எடுக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

கொரோனா அடங்கி ஆபீஸ்கள் முழு வேலைக்குத் திரும்பிய வருஷம், ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. முக்குகிற தட்டில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த மருந்தைச் சுடலைராஜ் சுரண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் சுரண்ட வேண்டும். வாசலில் லாரி நின்றது, அவசரப்படுத்தினார்கள். குப்பென்று ஒரு வெளிச்சம். முகத்தைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் குறுக்கே கொண்டுபோனார். முகம் தப்பியது, கைகள் போய்விட்டன.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். புண் ஆறியது. ஆற ஆற விரல்கள் உள்ளே மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு கையும் மூடின மூட்டை மாதிரி ஆகிவிட்டது. மருந்துச் செலவை முதலாளி கொடுத்தார். "மனசுக்காரரு" என்று ஊரே சொன்னது. அதோடு கணக்குத் தீர்ந்தது என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு சட்டைப் பித்தானைத் தங்கமாரி போட்டுவிட்டாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதையெல்லாம் சுடலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். சோறு மட்டும்தான் அவரைக் கொன்றது. கரண்டியைத் துணியால் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார்கள். வாய்க்குப் போகுமுன் பாதிச் சோறு மடியில் கொட்டியது. கரண்டியைச் சுவரில் அடித்தார். அன்றைக்குத் தங்கமாரி கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "இது ஒனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கணும் ஏட்டி. ஐஸ்வர்யாவுக்குத் தெரியக் கூடாது. எங்க அண்ணனுக்குத் தெரியவே கூடாது. தாலியில கை வச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினாள். கரண்டியைக் கட்டிக்கொண்டு அவரே சாப்பிடுகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மகள் ஐஸ்வர்யா திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். அவள் லீவுக்கு வந்தால், "நான் பொறவு சாப்பிடுதேன், நீ சாப்பிடு தாயீ" என்று சொல்லிவிட்டு, அவள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து அவசர அவசரமாக வாயைத் திறப்பார். மற்ற நாட்களில் தங்கமாரி காலையில் ஊட்டிவிட்டு வேலைக்குப் போவாள். மத்தியானம் ஆபீஸிலிருந்து ஓட்டமாக வந்து, கதவைச் சாத்தி ஊட்டிவிட்டு, மறுபடி ஓடுவாள். எதிர்வீட்டுப் பாண்டியம்மாளுக்கு இது பொறுக்கவில்லை.

"ஏட்டி தங்கமாரி, உச்சி வெயில்ல கதவச் சாத்திக்கிட்டு அப்படி என்னத்தத் திங்கிய? கறிச்சட்டிக்கு நாங்க பங்குக்கு வந்துருவோம்னு பயமாக்கும்?"

தங்கமாரி சிரித்து வைப்பாள். கறியாவது சட்டியாவது! அவளுக்கு அந்த மத்தியான ஓட்டத்தில் இருந்த பயம் பாண்டியம்மாளுக்கு எங்கே தெரியும்? வீட்டில் அடுப்புப் பற்றவைத்தால் சுடலைராஜ் எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். தூக்கத்தில் கைகளை முகத்துக்குக் குறுக்கே தூக்குவார். ஒரு நாள், "நான் எதுக்குட்டி இருக்கேன்?" என்று கேட்டார். சும்மா, மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார். அதற்குப் பிறகு கட்டை அடுக்கும்போது அவள் மனசு முழுக்க வீட்டு வாசலில்தான் நிற்கும். ஓடி வந்து கதவில் கை வைக்கும்போது உள்ளே சத்தம் இல்லையென்றால் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் இருமினால்தான் மூச்சு வரும். பதினொரு மாதம் இப்படி.

எட்டயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. வரமாட்டேன் என்றவரை அண்ணன் பரமசிவன் வந்து இழுத்துக்கொண்டு போனார். தங்கமாரியும் கூடப் போனாள். பரமசிவனும் அதே முதலாளியிடம்தான், பண்டல் ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரி. தம்பி மேல் உயிர். தம்பி கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, மாப்பிள்ளை தாலி கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கண்டதும், பழைய மாதிரி ஆகிவருகிறான் என்று சந்தோஷப்பட்டு, "வாலே பந்திக்கு" என்று தோளைப் பிடித்துக் கொண்டுபோய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

இலை போட்டார்கள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. சுடலைராஜ் கைகளைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயசம் வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏலே, ஏன் சாப்பிடாம இருக்க?"

"வயித்து வலிண்ணே" என்றார் சுடலைராஜ்.

அடுத்த ஐந்தாம் நாள், மத்தியானம் தங்கமாரி ஓடி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. சாயங்காலம் ஊருக்கு வெளியே கருவேலங்காட்டில் ஆடு மேய்த்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். எப்படி, எதனால் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அது நமக்கு வேண்டாம்.

ஸ்டேஷனில் தங்கமாரி சுவரை ஒட்டி நின்றாள். ஏட்டையா காகிதத்தை வைத்துக்கொண்டு, "என்ன காரணம்மா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் பரமசிவன் அவளைத் தள்ளிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏம்மா, கல்யாண வீட்டுலயே வயித்து வலின்னு அவன் எங்கிட்டச் சொன்னான். அதையே சொல்லிருவோம். வேற எதையாச்சும் சொன்னா, சண்டையா, பொண்டாட்டி சோறு போடலியான்னு நாலு கேள்வி வரும். நமக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு பாத்துக்க."

பொண்டாட்டி சோறு போடலியா! பதினொரு மாதம் ஊட்டிவிட்டவளைப் பார்த்து அந்தக் கேள்வி வருமா? பரமசிவன் பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னார். பொய் என்று தெரிந்து நின்றவள் அவள் ஒருத்திதான். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நாலாவது மாதம் ஐஸ்வர்யா பையும் பெட்டியுமாக வந்து நின்றாள். "ஃபீஸ் கட்ட வழியில்லம்மா. நானும் ஒங்ககூடக் கட்டை அடுக்க வாரேன்" என்றாள். தங்கமாரி மகளின் விரல்களைப் பார்த்தாள். அந்த மருந்து வாசத்துக்குள் இன்னொரு கையைக் கொண்டுபோய் விடுவதா? அன்றைக்குத்தான் அவள், ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பூங்கொடி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வக்கீலம்மா பிரேமலதாவின் வீட்டுப் படியை ஏறினாள்.

பிரேமலதா தொழிலாளர் கேஸ்கள் பார்க்கிறவர். சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"வேலையில பட்ட காயத்தால சாவு வந்தா குடும்பத்துக்கு இழப்பீடு உண்டும்மா. தானே உயிர விட்டாலும், அந்தக் காயம்தான் மனச உடைச்சு அதுல கொண்டுபோய் விட்டுச்சுன்னு காட்ட முடிஞ்சா கேக்கலாம். கண்டிப்பாக் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். காயத்துக்கும் சாவுக்கும் நடுவுல கயிறு அறுபடாம இருக்கணும், அவ்வளவுதான்."

மனு போட்டார்கள். முதலாளி தரப்பிலிருந்து பதில் வந்தது. இறந்தவருக்குத் தீராத வயிற்று வலி இருந்தது. கைக் காயத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் மனைவியே போலீசில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவளுடைய கையெழுத்தோடு நகலும் இணைத்திருந்தார்கள். கயிற்றை அறுத்தது அவளேதான்.

முதல் விசாரணைக்குத் திருநெல்வேலி போனாள். இழப்பீட்டு ஆணையர் ஒரு மேஜைக்குப் பின்னால் இருந்தார். கோர்ட் மாதிரி கூண்டு எதுவும் கிடையாது, ஆனாலும் உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. முதலாளியின் வக்கீல் நவநீதகிருஷ்ணன் கத்தவில்லை, மிரட்டவில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்போல மெதுவாகக் கேட்டார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாய்யா."

"யாராவது அடிச்சு வாங்கினாங்களா?"

"இல்லய்யா."

"அப்ப வயித்து வலிதான் காரணம், இல்லையா?"

அவள் நின்றாள். ஆணையர் இரண்டு தரம் கேட்டார். சாட்சி பதில் சொல்லவில்லை என்று தட்டச்சு செய்துகொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பிரேமலதா கேட்டார்: "நெசமாவே வயித்து வலி இருந்துச்சா?"

"இல்லக்கா."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஆகும்லா. போலீஸ்ல பிடிச்சிட்டுப் போயிருவாவளே."

"பயந்துபோய்ச் சொன்னேன்னு சொல்லுங்க. கேஸே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஆனா பயத்துல சொன்னதத் தானா வந்து திருத்துத பொம்பளையத் தூக்கி உள்ள வைக்க யாரும் ஓடி வரமாட்டாங்க." அவர் பஸ் ஏறுமுன் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு. வெறும்ன இல்லன்னு சொன்னா பத்தாது. வலி இல்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் வேணும்."

பதில் அவளிடம் இருந்தது. அதன் மேல்தான் சத்தியம் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸ் கணக்கப்பிள்ளை இராமச்சந்திரன் வீடு தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாராம். ஓநாய் அழுகிறதாம் ஆடு நனைகிறதென்று!

"போலீசுக்கு ஒண்ணு, ஆணையருக்கு ஒண்ணுன்னு சொன்னா அதுக்குப் பேரு பொய்ச் சாட்சி தெரியுமா? எனக்கு என்ன, ஒம்மேல உள்ள அக்கறையில சொல்லுதேன். மக நர்சு வேலைக்குப் படிக்கா. தாய் மேல கேஸு இருந்தா கவர்மெண்டுல எடுப்பானா?"

அவர் போன பிறகு அந்தப் பழத்தை மாட்டுக்குப் போட்டாள். பயத்தை எந்த மாட்டுக்குப் போடுவது? தெருவில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் போலீஸ் என்று நினைத்து எழுந்து உள்ளே போனாள். கட்டை அடுக்கும்போது கை முதல் தடவையாகத் தடுமாறியது. படுத்தால், தன்னை ஜீப்பில் ஏற்றுவதும் ஐஸ்வர்யா பின்னால் ஓடி வருவதும் கண்ணுக்குள் வந்தன. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடலாமா என்று நூறு தடவை நினைத்தாள். நினைக்கும்போதெல்லாம் மகளின் பத்து விரல்களும் முன்னால் வந்து நின்றன.

இரண்டாவது விசாரணைக்கு ஐஸ்வர்யாவும் கூட வந்தாள். தாயின் கை சில்லென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று பிடித்துக்கொண்டாள். அறைக்குள் போனதும் தங்கமாரிக்குப் பாதி உயிர் போயிற்று. முதலாளி தரப்புச் சாட்சியாகப் பரமசிவன் உட்கார்ந்திருந்தார். அவர் இவள் பக்கம் பார்க்கவில்லை.

நவநீதகிருஷ்ணன் கேட்கக் கேட்க பரமசிவன் சொன்னார். அவர் குரலில் கள்ளம் இல்லை, அதுதான் கொடுமை.

"கல்யாண வீட்டுல எம்பக்கத்துலதான் இருந்தான். ஒரு பருக்கை தொடலய்யா. என் தம்பி பந்தியில உக்காந்து இலையத் தொடாம இருந்து நான் பாத்ததே இல்ல. கேட்டதுக்கு, வயித்து வலிண்ணேன்னு அவன் வாயாலயே சொன்னான். அஞ்சாம் நாளு போயிட்டான். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். எம்புத்தி..." என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆணையர் எழுதிக்கொண்டார். நவநீதகிருஷ்ணன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். பிரேமலதா எழுந்து, மனுதாரரை மறுபடி ஒரு தரம் விசாரிக்க அனுமதி கேட்டார். கேட்டுவிட்டுத் தங்கமாரியைப் பார்த்தார்.

தங்கமாரி எழுந்தாள். அந்த நேரத்தில் மூத்திரம் முட்டிக்கொண்டு வந்ததாகப் பின்னால் அவளே வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறாள். பழக்கத்தில் கை கழுத்துக்குப் போயிற்று. சத்தியம் பண்ணின தாலி அங்கே இல்லை.

"அவியளுக்கு வயித்து வலி இல்லய்யா" என்றாள். "ஸ்டேஷன்ல நான் சொன்னது பொய். பயந்துபோய்ச் சொன்னேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

ஆணையர் பேனாவை வைத்தார். "இல்லைனு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவிய வயித்துக்குள்ள போன ஒவ்வொரு வாயும் எங்கையால போனதுய்யா." குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "விரல் ஒட்டிப்போனதுல அவியளுக்குச் சோறு அள்ளித் திங்க முடியாது. பதினொரு மாசமா நான்தான் கதவச் சாத்திட்டு ஊட்டிவிட்டேன். எம்மகளுக்கே தெரியாது. எத்தன வாய் தின்னாவ, எந்த வாய்க்கு முகத்தச் சுளிச்சாவன்னு எனக்குத் தெரியும். வயித்துல வலின்னா எனக்குத் தெரியாமப் போகுமா?"

ஐஸ்வர்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் எழுந்தார். "கல்யாணத்துல சாப்பிடலைனு அவர் அண்ணனே சொல்றாரேம்மா?"

"கை துண்டுக்குள்ள இருக்கையில எப்படிய்யா சாப்பிடுவாவ? அத்தன பேரு முன்னால, எனக்குக் கை இல்லன்னு சொல்லவா செய்வாவ? அதான் வயித்து வலின்னாவ." அவள் மூச்சு வாங்கினாள். "நான் எதுத்த வரிசையிலதான் இருந்தேன். பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எந்திரிச்சுப் போயி ஒரு வாய் ஊட்டியிருக்கலாம். போகலய்யா. நாலு பேரு பாத்துச் சிரிப்பாவளேன்னு எனக்கும் பயம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு இட்லி வச்சேன். ஏழு இட்லி தின்னாவ. வயித்து வலிக்காரரு ஏழு இட்லி திம்பாவளா? தின்னு முடிச்சிட்டுத்தான் அழுதாவ. இனிமே எந்தப் பந்தியிலயும் என்னய உக்கார வைக்காதன்னு சொன்னாவ. அதுக்குப் பொறவு அஞ்சு நாளும் ரெண்டு பேச்சுக்கு மேல பேசல."

பின்னால் நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. பரமசிவன் எழுந்து நின்றார். அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஏலே, எங்கிட்டச் சொல்ல வேண்டியதானலே... பக்கத்துலதானல இருந்தேன். நான் ஊட்டிவிட்டிருக்க மாட்டனா? சின்னதுல ஒனக்கு நான்தானல ஊட்டுவேன்..."

"உட்காருங்க" என்றார் ஆணையர். நவநீதகிருஷ்ணன் ஆட்சேபம் சொன்னார். ஆணையர் அதைப் பதிவு செய்துகொண்டு, பரமசிவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க தம்பிக்கு வயித்து வலி இருந்துச்சுனு உங்களுக்கு நேரடியாத் தெரியுமா?"

"அவன் சொன்னதத்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. நான் ஒரு மடையன்" என்றார் பரமசிவன்.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வேலையில் பட்ட காயமும் அதனால் வந்த மன முறிவும்தான் சாவுக்குக் காரணம், குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இருந்தது. எதிர்த்தரப்பு மேலே போகலாம், அப்படிப் போனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரேமலதா போனில் சொன்னார். தங்கமாரி கேட்டது ஒன்றுதான்.

"பொய் சொன்னதுக்கு என்னயத் தேடி வருவாவளாக்கா?"

"இதுவரைக்கும் வரல. அந்தப் பயத்த இறக்கி வைங்க" என்றார் அவர்.

இறக்கி வை என்றால் இறங்கிவிடுமா? அது என்ன தலைச்சுமையா? ஐஸ்வர்யா மறுபடி ஹாஸ்டலுக்குப் போனாள். பரமசிவனை விசாரணை முடிந்த வாரமே வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் மூட்டை இறக்குகிறார். தங்கமாரி வேறு ஆபீஸில் கட்டை அடுக்குகிறாள். புல்லட் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுகிறாள்.

லீவுக்கு மகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருவரும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தங்கமாரி எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

"இப்ப எதுக்கும்மா தாழு?" என்றாள் ஐஸ்வர்யா.

"பழகிப்போச்சு."

அப்போது கதவு தட்டப்பட்டது. தங்கமாரி தன் தட்டை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். இரண்டாவது தட்டலில்தான் குரல் கேட்டது. பரமசிவன். விசாரணைக்குப் பிறகு அவர் இந்த வாசலுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். கட்டிலுக்கடியில் இருந்த தட்டைப் பார்த்தார். "எனக்கும் ஒரு தட்டு வைம்மா" என்றார். தங்கமாரி சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். பிசைந்தார். ஒரு வாய் உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஏம்மா" என்றார். "கடைசி நாளு காலையில அவன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாவ பெரியத்தான். நான்தான் ஊட்டினேன்."

"வயிறாரச் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாவ."

பரமசிவன் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கையில் இருந்த சோற்றை வாயில் போட்டார்.